ஆசாரியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகிற சாலையில் என் பட்டறை இருக்கிறது. பக்கத்திலேயே டீக்கடை. அருவிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, டம்ளரும் கையுமாக உலைப் பக்கம் வந்து நிற்பார்கள். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நான் யாரையும் விரட்டுவதில்லை. ஆனால் இரும்பு பழுத்திருக்கும்போது பேச முடியாது. பட்டடையில், அதாவது இரும்பை வைத்து அடிக்கிற அடிக்கட்டையில், வைத்த கம்பி அரை நிமிடத்தில் கறுத்துவிடும். அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை, வேலை இல்லாத ஒரு மழை நாளில் உட்கார்ந்து எழுதி வைத்தேன்.

உங்களைக் கொல்லர் என்பதா, சிற்பி என்பதா?

ஊர்க்காரர்கள் ஆசாரி என்கிறார்கள், அது போதும். பெங்களூரிலிருந்து வருகிற கட்டட வடிவமைப்பாளர்கள் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். அன்றைக்கு மட்டும் நான் கொஞ்சம் வெளுத்த வேட்டி கட்டியிருப்பேன். கலையையும் கொல்லர் வேலையையும் சேர்த்து ‘ஆர்ட்டிஸ்ட் பிளாக்ஸ்மித்’ என்று சொல்கிற பெயர் வெளிநாட்டில் பரவியது. அமெரிக்காவில் 1973-லும் பிரிட்டனில் 1978-லும் அந்தப் பெயரிலேயே சங்கம் தொடங்கினார்கள். அங்கே லாடமும் கலப்பையும் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தன. சுத்தியை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது.

இங்கே நிலைமை அப்படி இல்லை. இன்று காலையில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன்: இரண்டு களைக்கொத்துக்கு முனை வைத்தேன், தேய்ந்த கடப்பாரை ஒன்றைக் காய்ச்சி நீட்டினேன், அப்புறம் ஓசூரில் ஒரு வீட்டு மாடிப்படிக் கைப்பிடிக்கு எட்டாவது சுருள் வளைத்தேன். எல்லாம் ஒரே உலையில்தான். இதில் எந்த மணி நேரத்துக்கு எந்தப் பெயர் வைப்பது?

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்?

அப்பா ஊர்க் கொல்லர். என் சின்ன வயதில் பாதி வீடுகள் காசு தராது. அறுப்பு முடிந்ததும் களத்தில் கேழ்வரகு அளந்து போடுவார்கள். அப்பா குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு, அடி விழ வேண்டிய இடத்தைச் சின்னச் சுத்தியால் தட்டிக் காட்டுவார். அம்மா சம்மட்டியை அங்கே போடுவாள். பேச்சே இருக்காது. சின்னச் சுத்தி பட்டடையை வெறுமனே ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். பெண்பிள்ளைக்கு இந்த வேலை வருமா என்று யாராவது கேட்டால் எனக்கு அம்மாவின் தோள்தான் ஞாபகம் வரும்.

நான் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினேன். பிறகு பெங்களூரில் ஒரு கிரில் பட்டறை. அங்கே ஒருநாள் பழைய பங்களா கேட் ஒன்று பழுதுக்கு வந்தது. எங்கேயும் வெல்டிங் இல்லை. துளைக்குள் முளை, அதன் மேல் ரிவெட், சுருளும் சுருளும் சேரும் இடத்தில் காய்ச்சிச் சுற்றிய பட்டை வளையம். ஒரு வளையத்தைக் கழற்றியபோது, வெயிலும் பெயின்டும் படாத உள்பக்கத்தில் சுத்தித் தடம் அப்படியே இருந்தது. அப்பா கடப்பாரையில் விடுகிற அதே தடம். அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் யாரும் பாராட்டவில்லை.

தர்மபுரிப் பக்கம் இரும்பு வேலை எவ்வளவு பழசு?

இதற்கு மட்டும் என்னை நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்கூர் பக்கம் தொகரப்பள்ளிக்கு அருகே மயிலாடும்பாறை இருக்கிறது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் தர்மபுரிதான். அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த இரும்புக்கான காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025-ல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு இன்னும் முந்தைய காலக்கணக்கு வந்தது. முதலிடம் போனதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சான்று மண்ணிலிருந்து வந்தது இல்லை. இந்த ஊர் அந்தக் காலத்துத் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். ஔவை பாடியது புறநானூற்றில் 95-வது பாட்டு. உன் வேல்களுக்கு மயிற்பீலி சாத்தி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் வைத்திருக்கிறாய். எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ‘கொல்துறைக் குற்றில்’ என்பது அவர் சொல். கொல்லன் வேலை செய்கிற சின்னக் குடில்.

பள்ளிக்கூடத்தில் இதைப் புகழ்வதுபோல் பழிக்கும் பாட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். பட்டறைக்காரனாக எனக்கு வேறொன்று தெரிகிறது. வேலை செய்த இரும்புதான் உடையும், உடைந்ததுதான் என்னிடம் வரும். என் சுவரோரம் சாய்ந்து நிற்கிற முனை மழுங்கிய கடப்பாரைகளையும் காம்பு போன மண்வெட்டிகளையும் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குடிலுக்கு இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் வாடகைக்கு ஆள் இருக்கிறது என்று தோன்றும்.

நேரம் இருந்தால் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரர்கள் கையில் வாளும் குறுவாளும் வைத்திருப்பார்கள். நான் முகத்தைப் பார்ப்பதைவிட அந்தக் கைப்பிடிகளைத்தான் அதிகம் பார்ப்பேன்.

இரும்பு எங்கே வாங்குகிறீர்கள்?

கேட்டுக்கும் விளக்குக்கும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பி, சேலத்துக் கடைகளில். அரிவாள், கோடாரி, உளிக்கு லாரியின் கமான் பட்டை, பாரம் தாங்க அடியில் வில் மாதிரி வளைந்திருக்குமே, அது. தொப்பூர் கணவாயில் ஏறி இறங்குகிற லாரிகளின் புண்ணியத்தில் இந்தப் பக்கம் கமான் பட்டைக்குப் பஞ்சமே இல்லை. எம்.எஸ். இரும்பில் கார்பன் கால் சதவீதத்துக்குள் இருக்கும். காய்ச்சிச் சட்டென்று ஆற வைத்து என்ன தோய்ச்சல் போட்டாலும் கூர் நிற்காது. கமான் பட்டையில் அரை சதவீதத்துக்கு மேல் இருப்பதால் தோய்ச்சல் ஏறும்.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் ஈரக் கோடு போடும். அந்தத் துண்டைக் காயலான் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுப்புக்கு என்ன கரி?

ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலக் கரி. அது கிடைக்காத நாளில் கொட்டாங்குச்சிக் கரி. துருத்திக்குப் பதில் இப்போது மின்சார புளோயர். கரண்டு போனால் பழைய கைச்சக்கரம். அம்மாவுக்கு முன்னால் கரண்டு இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ள எனக்கு வாய் வராது.

சூடு எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

நிறம்தான் கணக்கு. மங்கிய சிவப்பு என்றால் ஏறக்குறைய 650 டிகிரி. அதில் அடித்தால் இரும்பு கெடும், கையும் வலிக்கும். கோவைப்பழச் சிவப்பு 750-லிருந்து 800. ஆரஞ்சு 900-க்கு மேல். மாம்பழ மஞ்சள் 1,050, 1,100. வளைப்பது, நீட்டுவதெல்லாம் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில். அதையும் தாண்டி வெளுத்தால் மத்தாப்பு மாதிரி பொறி விடும். அது அழகாக இருக்கும், வேடிக்கை பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

பட்டறைக்குள் ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். வெயிலில் வைத்துப் பார்த்தால் கோவைப்பழம் கருங்கம்பியாகத் தெரியும். சந்தேகம் வந்தால் காந்தம் வைத்துப் பார்ப்பேன். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

தோய்ச்சல் போடுவது என்றால் என்ன?

காந்தம் விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி, சட்டென்று ஆற வைப்பது. அரிவாள் அப்போது கண்ணாடி மாதிரி கடினமாகும். கீழே போட்டால் உடையும். பிறகு தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். வெளுத்த இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், ஏறக்குறைய 220 டிகிரி. அப்புறம் கருப்பட்டி நிறம், கத்தரிப்பூ நிறம், கடைசியில் 300 பக்கம் சங்குப்பூ நீலம். உளி முனைக்கு நான் கருப்பட்டியில் நிறுத்துவேன், கோடாரிக்குக் கத்தரிப்பூவில். அந்த நிறங்கள் ஓடுகிற பத்து விநாடிக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

ஊருக்குத் திரும்பிய புதிதில் தேங்காய் வெட்டும் கத்தி 20 செய்து கொடுக்க ஒப்புக்கொண்டேன். அப்பா பழைய இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பார். நானும் கமான் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தேன். தொட்டிக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மிகச் சின்னச் சத்தம்தான். இருபதில் பதினொன்று விரிசல் விட்டுப் போயிற்று. கமான் பட்டைக்கு எண்ணெய்தான் சரி, தண்ணீர் அதற்கு அவசரம் அதிகம். இப்போது லேசாகச் சூடு செய்த கடலை எண்ணெயில் தோய்க்கிறேன். பட்டறையில் பஜ்ஜிக்கடை வாசனை வருகிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

வெல்டிங் வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியுமே?

முடியும். நானும் வைக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். பார்வைக்குப் படாத பின்பக்கச் சட்டத்துக்கு ஆர்க் வெல்டிங்தான். ஆங்கிள் கிரைண்டரும் உண்டு. ஆனால் சுருளும் சுருளும் சேரும் இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்துத் தேய்த்தால், ஏதோ ஒட்ட வைத்தது போல இருக்கும். காய்ச்சின பட்டையைச் சுற்றி அடித்தால் ஆறும்போது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். எது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறவருக்கும் தெரியும்.

இரும்போடு இரும்பை உலையிலேயே ஒட்டுவதும் உண்டு. இரண்டையும் வெளுக்கக் காய்ச்சி, வெங்காரம் தூவி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து அடிப்பது. கோடாரி வாயில் எஃகு வைப்பது இப்படித்தான். பத்துக்கு இரண்டு எனக்கு இன்னும் ஒட்டாமல் போகும்.

லேசரில் வெட்டிய கேட் மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்கிக்கொள்ளுங்கள். தகடு கொஞ்சம் கனமாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் வடிவங்கள் எங்கிருந்து வருகின்றன?

ஆரம்பத்தில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துத் திராட்சைக் கொடியும் ஓக் இலையும் அடித்தேன். ஒரு நாள் எனக்கே சிரிப்பு வந்தது. ஓக் இலையை நான் கையில் தொட்டதே இல்லை.

அப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு விவசாயி வீட்டு கேட்டுக்குக் கேழ்வரகுக் கதிர் செய்து பார்த்தேன். சதுரக் கம்பியின் நுனியைத் தட்டையாக்கி, சூட்டு உளியால் ஐந்தாகப் பிளந்து, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக நீட்டி, மழுங்கிய உளியால் மணி மணியாகக் கொத்த வேண்டும். ஒரு விரலைக் காய்ச்சும்போது பக்கத்து விரல் எரிந்துவிடாமல் தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டும். ஒரு கதிருக்கு ஒரு காலைப் பொழுது போயிற்று. முடித்து மாட்டிய அன்று, அந்த வீட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்குது ஆசாரி. ஆனா நாம போடுற கேவுரு இப்படி விரிச்சுக்கிட்டு நிக்காது. கை மூடின மாதிரி உள்ளே மடங்கி இருக்கும். இது வேற ஊர்க் கதிரு.”

பன்னிரண்டு கதிரையும் கழற்றிக்கொண்டு வந்து காய்ச்சி மடக்கினேன். பணம் கேட்கவில்லை. கண்காட்சியில் கிடைத்த பாராட்டெல்லாம் மறந்துவிட்டது. அந்தப் பெரியவர் கையை மூடிக் காட்டியது மறக்கவில்லை. எந்த ஓவியரைவிடவும், என் அரிவாளை நாள் பூராவும் பிடிக்கிறவர்கள்தான் என் வேலையைச் சரியாகத் திட்டுகிறார்கள்.

நம் ஊர்க் கலைஞர்களில் யாரைப் பார்க்கலாம் என்று கேட்டால் பி.வி. ஜானகிராமைச் சொல்வேன். 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்தவர். உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி முகமாக்கியவர். பஸ்தர் பகுதியில், சத்தீஸ்கரின் கொண்டகாவுன் பக்கம், பழைய இரும்பைக் காய்ச்சி அடித்து விளக்கும் மானும் செய்கிறார்கள். அந்த மானின் கழுத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கிலோ என்ன விலை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, எனக்குப் பிடிக்காத கேள்வியும் கூட. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. ஒரு கேழ்வரகுக் கதிருக்கு அரை மீட்டர்கூட வேண்டாம். இரும்பை எடை போட்டால் என் காலைப் பொழுது அதில் வராது. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று சொன்னால் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். என்னிடமும் சேதாரம் உண்டு: ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் செதிலாக உதிர்ந்து போகிற இரும்பு. அதற்குக்கூட நான் காசு கேட்பதில்லை.

அளவெடுத்து, வரைந்து காட்டி, பாதிப் பணம் வாங்கிய பிறகுதான் உலை மூட்டுவேன். ஒருவர் மாடிக் கைப்பிடியை மாட்டிக்கொண்டு, நேர்த்தியில்லை, சுத்தித் தடம் தெரிகிறது என்று மீதியைத் தராமல் விட்டார். சுத்தித் தடம் இல்லாமல் வேண்டும் என்றால் முன்பே சொல்லுங்கள். பைப் வளைக்கிற கடையின் முகவரி தருகிறேன்.

துரு பிடிக்காதா? டெல்லித் தூண் துருப்பிடிக்கவில்லையே?

பிடிக்கும். டெல்லித் தூண் 1,600 வருடமாக நிற்பதற்குக் காரணம், அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே கெட்டியான மெல்லிய படலம் ஒன்று உண்டாகிக் காக்கிறது. அதிகப் பாஸ்பரஸ் இரும்பை நொறுங்க வைக்கும் என்று இன்றைய ஆலைகள் அதை நீக்கிவிடுகின்றன. அதனால் உங்கள் கேட்டுக்குப் பிரைமரும் பெயின்டும் தேவை. வீட்டுக்குள் இருக்கிற விளக்குக்கு மட்டும், கை தாங்காத சூட்டில் தேன்மெழுகு தடவித் துணியால் துடைப்பேன். கறுத்து, தோல் மாதிரி ஆகும். வருடத்துக்கு ஒருமுறை நீங்களே தடவலாம்.

கோவிலுக்குச் சூலம், அரிவாள் செய்வீர்களா?

செய்வேன். முனியப்பனுக்கு நேர்த்திக்கடன் வைப்பவர்கள் ஆள் உயர அரிவாளே கேட்பார்கள். கூர் வைக்க மாட்டேன், சாமிக்கு அது தேவைப்படாது. மற்றபடி வெட்டரிவாள் கேட்டு வருகிற புது ஆளுக்கு, பெயரும் ஊரும் எழுதி வைக்காமல் கொடுப்பதில்லை. தோட்ட வேலைக்கு என்று சொல்லிவிட்டுக் காம்புக்கு வேலைப்பாடு கேட்டால் அப்போதே இல்லை என்றுவிடுவேன்.

உடம்பு என்ன ஆகும்?

காது முதலில் போகும். எனக்கு இடது காது மந்தம். அப்பா காலத்தில் யாரும் காதடைப்பு வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, மகளை வைக்கச் சொல்கிறேன். கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். நைலான் சட்டை வேண்டவே வேண்டாம், பருத்திதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: ஜி.ஐ. பைப்பை உலையில் வைக்காதீர்கள். மேலே பூசிய துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும். சுவாசித்தவுடன் ஒன்றும் தெரியாது. ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போடும். நான் ஒருமுறை பட்டேன். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் உடம்புக்கு நல்லது, ஆனால் புகைக்கு மருந்து இல்லை.

கற்றுக்கொள்ள வரலாமா?

வரலாம். முதல் வாரம் கொக்கி மட்டும்தான். ஆங்கில எஸ் வடிவக் கொக்கி, ஒரே மாதிரி ஐம்பது. நுனி நீட்டுவது, வளைப்பது, முறுக்குவது மூன்றும் அதில் வந்துவிடும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. வரையத் தெரிந்துகொண்டு வந்தால் பாதி இரும்பு மிச்சம். சொந்தமாகப் பட்டறை போடுகிறவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் என் மகளுக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.

பழையதைச் சரி செய்து தருவீர்களா, புதுசுதான் வாங்க வேண்டுமா?

கொண்டு வாருங்கள். எத்தனை பெரிய கேட் வேலை ஓடினாலும் காலை ஒன்பது வரை பழுதுதான். கருக்கரிவாளுக்குப் பல் வெட்டுவது, மண்வெட்டிக்கு இலை வைப்பது, களைக்கொத்துக்கு முனை வைப்பது எல்லாம் உண்டு. பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வருகிறார். அவருடைய களைக்கொத்து தேய்ந்து தேய்ந்து இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். புதுசு தருகிறேன் பாட்டி என்றால், “என் கைக்கு இதுதான்டா தெரியும்” என்கிறார். மூன்று முறை எஃகு வைத்து அடித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதில் பழைய இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

காம்பைக் கழற்றிவிட்டு, இரும்பை மட்டும் கொண்டு வாருங்கள். சாக்பீஸால் பெயர் எழுதிச் சுவரோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.